பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறதா? கபாசிட்டரை அப்புறம் வாங்கலாம்

இரவு, சிக்னல், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டுக்குள் கிக் டிரம் அடி விழும்போதெல்லாம் முன்னால் நிற்கும் வண்டியின் பின்கண்ணாடியில் உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் கூடவே தாளம் போடுகிறது. டிக்கியில் முதல்முறையாக சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) கட்டியவர்களில் பாதிப் பேர் ஒரு வாரத்துக்குள் இந்தப் புகாரோடு வந்துவிடுவார்கள். வந்த பிறகு அவர்கள் செய்வதும் ஒரே வரிசையில்தான் இருக்கும்: முதலில் கபாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து உடனே தரும் உருளை), அப்புறம் பெரிய பேட்டரி, அப்புறம் எல்இடி பல்பு. இந்தத் தொழிலில் இன்று கைதேர்ந்தவர்களும் ஆரம்பத்தில் அதே வரிசையில் காசைத் தொலைத்தவர்களே.

ஃப்யூஸ் போட மறப்பது, ப்ளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அதெல்லாம் ஒருமுறை பொறி பறந்தாலே புரிந்துவிடும். பல மாதம் கழித்தும் புரியாத தவறுகளைப் பார்ப்போம்.

பல்பைக் குறை சொல்வது

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ வோல்டேஜின் 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஓடும் வண்டியில் 14 வோல்ட் இருந்தது, பேஸ் விழும்போது 12.5 ஆகிறது என்று வையுங்கள். வோல்டேஜில் விழுந்தது பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. வண்டி முழுவதற்கும் பொதுவான வோல்டேஜ் விழுவதை நம் கண்ணுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

ஒரு பக்க லைட் மட்டும் மங்குகிறதென்றால் ஆம்பை (சப்வூஃபரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) விடுங்கள். அந்தப் பக்க எர்த்தையோ கனெக்டரையோ கழற்றிப் பாருங்கள்.

அட்டையில் போட்ட வாட்ஸை வைத்துக் கணக்குப் போடுவது

'2000 வாட்' என்று அட்டைப்பெட்டியில் இருப்பது பீக், அதாவது கண நேர உச்சம். நமக்கு வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர். கிளாஸ் டி ஆம்ப் (வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தரும் வகை) என்றால் ஆர்எம்எஸ் வாட்டை 0.8 ஆல் வகுத்து, பிறகு வண்டியின் வோல்டேஜான 13.8 ஆல் வகுக்க வேண்டும். 600 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்ப் முழுச் சத்தத்தில் சுமார் 54 ஆம்பியர் இழுக்கும். பழைய கிளாஸ் ஏபி நாலு சேனல் ஆம்ப் என்றால் 0.5 ஆல் வகுப்பதே பாதுகாப்பு. 4 × 60 வாட்டுக்கே 35 ஆம்பியர் வரும். பாட்டு எப்போதும் முழுச் சத்தத்தில் ஓடாது, சராசரி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் லைட்டை மங்கவைப்பது அந்த உச்ச நேரம்தான்.

மறுபக்கம் வரவைப் பாருங்கள். சிறிய ஹேட்ச்பேக்கின் ஆல்டர்னேட்டரில் (நம் மெக்கானிக்குகள் வாயில் டைனமோ) 70, 80, 90 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது வண்டி வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. ஐடிலிங்கில் பாதி கிடைத்தாலே பெரிது. அந்த 40, 45 ஆம்பியரில் ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 8 அல்லது 9, ஏசி புளோயருக்கு 10க்கு மேல், ரேடியேட்டர் ஃபேனுக்கு இன்னொரு 10, இன்ஜினின் சொந்தச் செலவு, ஃப்யூயல் பம்ப், மழை பெய்தால் வைப்பர் என்று போனால் மிச்சம் என்ன? சிக்னலில் மங்கி, பைபாஸில் மங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

கபாசிட்டர்

இனி எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருவோம். லைட் மங்குகிறது என்று கடையில் சொன்னதும் கண்ணாடி மூடி போட்ட, நீல வெளிச்சத்தில் வோல்டேஜ் காட்டும் ஒரு உருளையை எடுத்து மேசையில் வைப்பார்கள். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் பொருத்திய பிறகும் லைட் மங்கும். உடனே 'ஒரு ஃபாரட் பத்தல, அஞ்சு ஃபாரட் போடுங்க' என்பார்கள் (ஃபாரட் என்பது கபாசிட்டரின் கொள்திறனுக்கான அலகு). இதை நம்பி இரண்டாவது உருளையும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு எளிது. கபாசிட்டரில் இருக்கும் ஆற்றல் என்பது கொள்திறனில் பாதியை வோல்டேஜின் வர்க்கத்தால் பெருக்கியது. 1 ஃபாரட், 14 வோல்ட் என்றால் மொத்தம் 98 ஜூல். ஆனால் அவ்வளவும் வெளியே வராது. வோல்டேஜ் 14 இலிருந்து 12.5 க்கு விழும் இடைவெளியில் அது தரக்கூடியது 20 ஜூல் மட்டுமே. மேலே சொன்ன ஆம்ப் அளவில் ஒன்று 60 ஆம்பியர், அதாவது சுமார் 800 வாட் இழுக்கும்போது அந்த 20 ஜூல் 25 மில்லிவினாடியில் தீர்ந்துபோகும். 40 ஹெர்ட்ஸ் பேஸில் ஒரே ஒரு அலை முடிய ஆகும் நேரம் அது. ஒரு கிக் சத்தம் அதைப் போல ஐந்தாறு மடங்கு நீடிக்கும். இழுத்துப் பிடிக்கும் பேஸ் என்றால் வினாடிக் கணக்கில் போகும். ஒப்பிட்டுப் பார்க்க: 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரிக்குள் இருப்பது ஏறத்தாழ 15 லட்சம் ஜூல்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. டங்ஸ்டன் இழை சூடாக இருப்பதால் வோல்டேஜ் கண நேரம் விழுந்தாலும் வெளிச்சம் உடனே குறையாது, இழை ஆற நேரம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி மங்கியது என்றாலே, கபாசிட்டர் தாக்குப்பிடிக்கும் நேரத்தைவிட அதிக நேரம் வோல்டேஜ் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது எந்தக் குறைக்காக அதை வாங்குகிறோமோ அந்தக் குறை அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. 5 ஃபாரட் போட்டாலும் 125 மில்லிவினாடிதான், அதுவும் மேலே அச்சடித்த கொள்திறன் உள்ளே உண்மையாக இருந்தால்.

காலியான கபாசிட்டர் சும்மாவும் இருக்காது. அடுத்த கிக்குக்குள் நிரம்ப அதே ஆல்டர்னேட்டரிடம்தான் கை நீட்டும். ஏற்கெனவே வரவு பத்தாத வீட்டில் இன்னொருவர் கடன் கேட்பது போல.

அப்படியானால் அதற்குப் பயனே இல்லையா? உண்டு. நல்ல ஆல்டர்னேட்டர், நல்ல பேட்டரி, சரியான வயர் எல்லாம் இருந்து, ஆம்ப் முனையில் மட்டும் மிகக் குறுகிய சரிவு இருந்தால் அதைச் சற்று நிரப்பும். அந்த நிலைக்கு வந்த வண்டியில் லைட் பெரும்பாலும் மங்குவதே இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கூட வந்த ரெசிஸ்டர் வழியாகவோ ஒரு 12 வோல்ட் பல்பு வழியாகவோ முதலில் சார்ஜ் ஏற்றிய பிறகே நேரடியாக இணையுங்கள். இல்லாவிட்டால் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) முனை உருகும் அளவுக்குப் பொறி பறக்கும்.

அளக்காமல் பொருள் மாற்றுவது

இருநூறு முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். அதிகபட்சம், குறைந்தபட்சம் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் நல்லது. சாதா மீட்டரின் எண் மெதுவாக மாறுவதால் கிக் விழும் நேரத்துச் சரிவு அதில் தெரியாது. அதற்குப் பாட்டுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் ஓடவிடாதீர்கள், வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் உள்ள கம்பிச் சுருள்) கருகும்.

இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். அடுத்து இன்ஜின் ஐடிலிங்கில், ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு, ஆடியோ இல்லாமல் பேட்டரி முனைகளில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டோனைப் போட்டு மூன்று இடம் அளக்க வேண்டும்: பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே, ஆல்டர்னேட்டரின் பி ப்ளஸ் போல்ட்டுக்கும் (கரண்ட் வெளியே வரும் முனை) பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் இடையே, இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே. கடைசி இரண்டும் ஒரே வயரின் இரு முனை மாதிரிதான், பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வயரிலோ அதன் முனையிலோ கோளாறு. பச்சை பூத்த டெர்மினல், பாதி அறுந்த இன்ஜின் எர்த் பட்டை, தளர்ந்த நட்டு என்று ஏதாவது சிக்கும்.

அவை இரண்டும் சரியாக இருந்து, பேட்டரி முனையில் 14 என்பது 12.6 ஆகிறதென்றால் ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 1,500, 2,000 ஆர்பிஎம்மில் அதே டோனைப் போடுங்கள். சரிவு காணாமல் போனால் ஐடிலிங் பற்றாக்குறை மட்டுமே. அங்கும் அப்படியே இருந்தால், பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள், கிக் விழும்போது கீச்சென்று சத்தம் வரும். 12க்கும் கீழே போனால் பேட்டரி கிழடாகிவிட்டது.

ஆடியோவே இல்லாதபோதும் ஹெட்லைட் கனெக்டரில் பேட்டரியைவிட ஒரு வோல்ட் குறைவா? பல வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாகவே போய்வருகிறது. அதற்கு ரிலே கிட் போதும்; சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச் அது, ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்தே நேராகக் கரண்ட் கொடுக்கும். ஆனால் ரிலேவுக்கான ப்ளஸ்ஸை ஆம்பின் டிஸ்ட்ரிபியூஷன் பிளாக்கிலிருந்து (ஒரு வயரைப் பலவாகப் பிரிக்கும் கட்டை) எடுத்துவிடாதீர்கள். ஆம்ப் வயரில் விழும் வோல்டேஜையும் சேர்த்து ஹெட்லைட் தலையில் கட்டியதாகிவிடும்.

ஆம்புக்கு மட்டும் தடி வயர் போடுவது

பேட்டரியிலிருந்து டிக்கி வரை 8 கேஜ் செம்பு வயர் 5 மீட்டர் ஓடினால் 80 ஆம்பியரில் சுமார் 0.8 வோல்ட் அதிலேயே போய்விடும். 4 கேஜில் அது 0.33 ஆகும். எனவே தடி வயர் ஆம்புக்கு நல்லது. ஆனால் ஹெட்லைட்டுக்கு? அது பானட்டுக்குள், பேட்டரிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஆம்புக்கு வழி தாராளமாகத் திறந்தால் ஆம்ப் தயங்காமல் இழுக்கும், லைட் முன்னைவிட அதிகமாகக்கூட மங்கலாம்.

லைட்டுக்காக மாற்ற வேண்டிய வயர்கள் மூன்று: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி ப்ளஸ், பேட்டரி மைனஸிலிருந்து பாடி, இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடி. ஆடியோக்காரர்கள் பிக் த்ரீ என்பார்கள். 4 கேஜ் அல்லது 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், க்ரிம்ப் செய்த லக், முதல் வயரில் ஆல்டர்னேட்டரின் அளவுக்கு மேற்பட்ட, வயர் தாங்கும் அளவுக்கு உட்பட்ட ஒரு ஃப்யூஸ். பழைய வயர்களைக் கழற்ற வேண்டாம், கூடவே போடலாம். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரியும் இடத்தில் முறுக்கி, மேலே துருப்பிடிக்காமல் பூசிவிடுங்கள்.

வயர் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், அதே தடிமனுக்கு ஒன்றரை மடங்கு மின்தடை. தடிமனான ரப்பருக்குள் மெலிந்த வயரை ஒளித்து விற்பதும் உண்டு.

சீட் பெல்ட் போல்ட்டில் எர்த்

வேண்டாம். விபத்தில் உங்களைப் பிடித்துநிறுத்தும் போல்ட் அது.

100 வாட் பல்பு

பற்றாக்குறை இன்னும் கூடும், கனெக்டர் உருகும், சட்டத்துக்கும் ஒவ்வாது. 60/55 வாட்டே போதும்.

புது வண்டியில் பேட்டரி மைனஸ் முனையிலேயே ஆம்ப் எர்த்தைக் கட்டுவது

மைனஸ் கிளாம்பில் சிறிய கறுப்புப் பெட்டியும் அதிலிருந்து மெல்லிய வயரும் தெரிந்தால் அது கரண்ட் சென்சார். எவ்வளவு கரண்ட் போய்வருகிறது என்று அதைப் பார்த்துத்தான் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சார்ஜிங் வோல்டேஜைத் தீர்மானிக்கும். ஆம்ப் எர்த்தை நேராகப் பேட்டரி முனையில் கட்டினால் அந்தக் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது, பேட்டரி காலியாவதே ஈசியூவுக்குத் தெரியாது. எர்த்தைப் பாடியில் கொடுங்கள், ஆம்புக்குப் பக்கத்தில், அரை மீட்டருக்குள்.

இப்படிப்பட்ட வண்டிகளில் எரிபொருள் மிச்சப்படுத்த ஈசியூவே வோல்டேஜை 12.5, 13 என்று இறக்கி, பிரேக் பிடிக்கும்போது 14.5க்கு மேலும் ஏற்றும். இன்னொரு பக்கம், ஐடிலிங்கில் திடீரென்று சுமை வந்தால் இன்ஜின் திணறக் கூடாது என்பதற்காகச் சில ரெகுலேட்டர்கள் (ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஆல்டர்னேட்டரை வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஏற்றும். இந்த இரண்டு மங்கலையும் எந்த வயரும் தீர்க்காது.

எல்இடி போட்டு மறைப்பது

எல்இடி பல்புக்குள் டிரைவர் இருக்கிறது. 14 வந்தாலும் 12 வந்தாலும் அது ஒரே கரண்டைக் கொடுக்கப் பார்க்கும், ஆகவே மங்கல் தெரியாது. வோல்டேஜ் விழுவது அப்படியே இருக்கும், ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்காதபோதுதான் தெரியவரும். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் மாட்டினால் எதிரே வருகிறவர் கண் கூசுவது தனி. மட்டமான டிரைவர் எஃப்எம்மில் இரைச்சலையும் கொண்டுவரும்.

பேஸ் பூஸ்ட்டைத் தொடாமல் விடுவது

காசு செலவாகாத மருந்து இதுதான், யாரும் முதலில் தொடமாட்டார்கள். 3 டெசிபல் ஏற்றினால் பவர் இருமடங்கு, 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு. ஹெட் யூனிட்டில் ஒரு பூஸ்ட், ஆம்பில் ஒரு பூஸ்ட், போனின் ஈக்வலைசரில் மூன்றாவது. ஆம்ப் கிளிப் ஆகி, அதாவது எல்லையைத் தாண்டியதால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, அலை சதுரமாகும்போது அதே உச்சத்தில் சைன் அலையைப் போல இருமடங்கு பவர் போகும். மூன்றையும் பூஜ்யமாக்கி, கெயினை (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அமைப்பு) சரியாக வைத்தாலே பாதி வண்டிகளில் சிமிட்டல் நின்றுவிடும். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி என்றால் சப்சோனிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலியைத் தடுப்பது) 25, 30 ஹெர்ட்ஸில் வையுங்கள். காதுக்குச் சரியாக எட்டாத சத்தத்துக்குக் கரண்ட் கொடுப்பானேன்?

கடைசியாக ஆல்டர்னேட்டர்

இவ்வளவும் செய்து, அளந்து, ஐடிலிங்கில் பற்றவில்லை என்று தெரிந்த பிறகே இதற்குச் செலவழிக்க வேண்டும். இரண்டாவது பேட்டரி இந்த இடத்தில் பதிலாகாது. அதையும் சார்ஜ் செய்ய வேண்டியது இதே ஆல்டர்னேட்டர்தான். பெரியதாக மாற்றும்போது, மேலே எழுதியிருக்கும் அதிகபட்ச எண்ணை விட்டுவிட்டு ஐடிலிங் வேகத்தில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். மவுன்டிங், புல்லியின் பள்ளங்கள், ரெகுலேட்டர் கனெக்டர் மூன்றும் பொருந்துகிறதா என்று பழையதைக் கையில் வைத்துக்கொண்டே பாருங்கள். ஈசியூ கட்டுப்படுத்தும் வண்டியில் சாதா ரெகுலேட்டர் போட்டால் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணையாது. சின்ன புல்லி போட்டு ஐடிலிங் வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்பார்கள். சிக்னலில் வேலை செய்யும். ஆனால் ஐந்தாம் கியரில் ஆல்டர்னேட்டர் தன் வரம்பைத் தாண்டிச் சுற்றி, பேரிங்கைத் தின்றுவிடும்.