பிசிஆரில் இலைச்சாற்று நானோதுகள்: பேண்ட் பளிச்சென்று வந்தால் போதுமா?

டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆரில் தங்க நானோதுகள் சேர்த்தால், ஜெல்லில் தெரியும் தேவையற்ற பேண்டுகள் (டிஎன்ஏ கோடுகள்) குறையும் என்று 2005-இல் ஆய்வு வந்தது. இப்போது இலைச்சாற்றில் தயாரித்த துகள்களையும் பலர் குழாயில் விட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலான சறுக்கல் பிசிஆர் மெஷினுக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது.

முதலில், சரியாகக் கழுவாதது. செடியிலிருந்து டிஎன்ஏ எடுப்பவர்கள் பாலிஃபீனால்களையும் பாலிசாக்கரைடுகளையும் நீக்கப் படாதபாடு படுவார்கள். அவை, பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைமான டாக் பாலிமரேஸை முடக்கிவிடும். கழுவாத துகளோடு அதே சரக்கை நாமே ஊற்றுகிறோம்! வெள்ளித் துகள் என்றால் வினைபுரியாத வெள்ளி அயனியும் கூடவே வரும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரை எடுத்துவிட்டு, சுத்தமான நீரில் மறுபடி கலக்குங்கள். ஒருமுறை போதாது. கடைசி மேல்நீரைக் கொட்டிவிடாதீர்கள். துகளுக்குப் பதில் அதே அளவு மேல்நீர் விட்டு ஒரு குழாய், வெறும் நீர் விட்டு ஒன்று என்று கூடவே ஓட்டுங்கள். மேல்நீர் விட்ட குழாயிலும் பேண்ட் பளிச்சென்று வந்தால், பெருமை துகளுக்குச் சேராது. இந்தக் கன்ட்ரோல் இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.

அப்புறம் பஃபர், அதாவது பிசிஆர் வினை நடக்கும் உப்புக் கரைசல். தண்ணீரில் சமர்த்தாக இருக்கும் துகள், பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியமும் உள்ள பஃபரில் திரண்டுவிடலாம். என்சைம் சேர்க்காமல் பஃபரில் மட்டும் கலந்து வெள்ளைத் தாள்மேல் பிடித்துப் பாருங்கள். தங்கக் கரைசலின் சிவப்பு நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், துகள்கள் கட்டிக்கொண்டன என்று அர்த்தம்.

அளவு விஷயத்தில் ‘கூடினால் நல்லது’ என்ற கணக்கு எடுபடாது. துகளின் பரப்பில் பாலிமரேஸ் ஒட்டிக்கொள்ளும். துகள் கூடக்கூட பேண்ட் மங்கி, ஒரு கட்டத்தில் காணாமலே போகும். கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்ததும் பேண்ட் திரும்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே படிப்படியாக நீர்த்துப் பாருங்கள். போன முறை 2 மைக்ரோலிட்டர் சரியாக இருந்தது என்று இந்த முறையும் அதையே விடுவது சரிவராது. இலை மாறினால் துகளும் மாறும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் அளவைப் புதிதாகத்தான் பிடிக்க வேண்டும்.

டிஎன்ஏ பெருகப் பெருக அதைச் சாயத்தின் ஒளிர்வால் அளக்கும் நிகழ்நேர பிசிஆரில், தங்கத் துகள் அந்த ஒளிர்வையே குறைத்துக் காட்டக்கூடும். ஒளிர்வின் வளைவு தாமதமாக எழுந்தால் ஜெல்லிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பாக்டீரியாவைத் தேடப் 16எஸ் மரபணுவுக்கான பொதுவான பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ) போடுகிறீர்களா? இலையின் பசுங்கணிக டிஎன்ஏவும் அதில் பெருகலாம். டெம்ப்ளேட் (பெருக்க வேண்டிய டிஎன்ஏ) இல்லாத கன்ட்ரோலிலும் துகளைச் சேருங்கள். அங்கே பேண்ட் வந்தால் அது இலையிலிருந்தே வந்திருக்கலாம்.