டிரை சிரப் கலக்கத் தெரியுமா? குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் முறை

மெடிக்கலில் கவுன்டருக்குப் பின்னால் நின்ற காலத்தில் ஒரு நாள், மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா வந்தார். காலில் சீழ்க்கட்டி என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை மூன்று நாள் கொடுத்திருக்கிறார், வீக்கம் வற்றி காய்ச்சலும் விட்டிருக்கிறது, ஆறாம் நாள் மறுபடி காய்ச்சல். "ஏன்க்கா நடுவுல நிறுத்துனீங்க?" என்றேன். "நான் எங்க தம்பி நிறுத்துனேன், பாட்டில் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்னு நினைச்சேன்" என்றார். சீட்டில் ஐந்து நாள் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஒரே ஒரு பாட்டிலைக் கொடுத்து அனுப்பியது எங்கள் கடைதான், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இந்தப் பதிவு அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த டிரை சிரப்பைப் பற்றியது, அதாவது பொடியாக வரும், தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுக்கும் மருந்து. நம்மூரில் குழந்தைகளுக்கு அடிக்கடி எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகளில் இதுவும் ஒன்று, தப்பு நடக்க வழி அதிகமுள்ளதும் இதில்தான். எந்தப் பிள்ளைக்கு எத்தனை மில்லி என்பதை டாக்டர் எடையைப் பார்த்து முடிவு செய்வார். போன வருடச் சீட்டை எடுத்து வந்து "இதே மருந்து குடுங்க" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: பிள்ளை வளர்ந்திருக்கிறது, நோயும் அதே நோயா என்று தெரியாது. சளி, ஃப்ளூ, டெங்கு மாதிரி வைரஸால் வரும் காய்ச்சலுக்கு இந்த மருந்து ஒன்றுமே செய்யாது, வயிற்றைக் கலக்கிவிடுவதைத் தவிர.

கடையை விட்டு நகரும் முன்

சீட்டையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள். இந்த சிரப் ஒன்றுக்கு மேற்பட்ட வலுவில் வரும். 228.5 என்று போட்டிருந்தால் 5 மில்லியில் 200 மில்லிகிராம் அமாக்ஸிசிலினும் 28.5 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் இருக்கிறது. 457 என்றால் 400-ம் 57-ம், அதாவது சரியாக இரண்டு மடங்கு. டாக்டர் 228.5-ஐ மனதில் வைத்து 5 மில்லி என்று எழுதியிருக்க, கடையில் "அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதே மருந்துதான்" என்று 457-ஐக் கொடுத்தால், பிள்ளைக்கு வேளைக்கு இரட்டை அளவு போகும். கம்பெனி மாறுவது பரவாயில்லை, எண் மாறக்கூடாது. எண் மாறினால் டாக்டருக்கு ஒரு போன் போட்டு எத்தனை மில்லி என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் சொட்டு மருந்தின் அடர்த்தி இன்னும் வேறு, அதை சிரப் கணக்கில் ஊற்றவே கூடாது. (பெரியவர்கள் சாப்பிடும் 625 மாத்திரையிலும் இதே சிக்கல் உண்டு: அது 500-ம் 125-ம் சேர்ந்தது. 375 என்பது 250-ம் 125-ம். 625 கிடைக்கவில்லை என்று இரண்டு 375 போட்டால் கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகிவிடும்.)

அப்புறம் பாட்டில் கணக்கு. சீட்டில் 5 மில்லி, 1-0-1, 5 நாள் என்று இருந்தால் காலையும் இரவும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 மில்லி, ஐந்து நாளைக்கு 50 மில்லி. கடையில் பொதுவாகக் கிடைப்பது 30 மில்லி பாட்டில், அது மூன்றாம் நாள் இரவோடு காலி. ஆகவே இரண்டு பாட்டில் வாங்க வேண்டும். அந்த அக்கா வீட்டில் நடந்தது இதுதான், பிள்ளைக்கும் அதற்குள் தெம்பு வந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிள்ளைக்குப் பெனிசிலின் வகை மருந்து ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, இதே மருந்தால் முன்பு மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ, அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பிள்ளையின் மருத்துவ நோட்டு முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைப்பது இன்னும் நல்லது.

கலக்குவது

ஏன் பொடியாகத் தருகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். சில பாக்டீரியாக்கள் அமாக்ஸிசிலினை உடைத்துப்போடும் ஒரு நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதியைக் கட்டிப்போடத்தான் கிளாவுலானிக் அமிலம். அது தண்ணீர் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைய ஆரம்பித்துவிடும் என்பதால் கடைசி நிமிடம் வரை பொடியாகவே இருக்க வேண்டும். இரண்டாவது பாட்டிலை முதல் பாட்டில் தீரும்வரை கலக்க வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம்.

காலாவதித் தேதியைப் பாருங்கள். பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் பொடி உதிரியாக ஓட வேண்டும். கட்டிதட்டிப் போயிருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாட்டிலின் மேலோ லேபிளிலோ ஒரு கோடு அல்லது அம்புக்குறி இருக்கும், தண்ணீர் அதுவரை வர வேண்டும். பெட்டிக்குள்ளேயே சின்னக் குப்பியில் தண்ணீர் வந்திருந்தால் லேபிளில் சொன்னபடி அதை ஊற்றினால் போதும். இல்லாவிட்டால் கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய தண்ணீர். வெதுவெதுப்பு கூட வேண்டாம்.

முதலில் பாதியளவு ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். அடியில் ஒட்டிய பொடி எல்லாம் கரைந்து வந்ததும் மீதியை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது: நுரை கோட்டைத் தாண்டி நிற்கும், சரி வந்துவிட்டது என்று விட்டுவிடுவோம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். நுரை அடங்கிய பிறகு குறைகிற தண்ணீரைக் கோடு வரைக்கும் விட்டு இன்னொரு முறை குலுக்குங்கள். தண்ணீர் குறைந்தால் மருந்து கெட்டி, கூடினால் நீர்த்துப்போகும், இரண்டுமே அளவை மாற்றும்.

கலக்கிய தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம், கதவுப் பக்கமும் வேண்டாம், அங்கே வெப்பம் ஏறி இறங்கும். ஏழு நாளில் அதன் ஆயுள் முடிந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அதை டாக்டரிடமே சொல்லிவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஃபிரிட்ஜ் தேவைப்படாத வேறு மருந்து எழுத முடியுமா என்று பார்ப்பார்.

கொடுப்பது

ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் வெறும் இனிப்புத் தண்ணீரும் கடைசியில் கெட்டி மருந்தும் போய்ச் சேரும்.

அளக்க சமையலறை ஸ்பூனை எடுக்காதீர்கள். ஒரு வீட்டு ஸ்பூனுக்கும் இன்னொரு வீட்டு ஸ்பூனுக்கும் சம்பந்தமே கிடையாது. பாட்டிலோடு வரும் அளவு மூடியை மேசையில் சமமாக வைத்து, குனிந்து கண்மட்டத்தில் பார்த்து ஊற்றுங்கள். சின்னக் குழந்தைக்கு ஊசியில்லாத சிரிஞ்சு இன்னும் வசதி: கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், நேராகத் தொண்டையில் பீச்சினால் புரையேறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலாடையில் ஊற்றும் பாட்டி வைத்தியம் இதற்கு வேண்டாம். பால் பாட்டிலில் கலந்துவிடும் யோசனையும் வேண்டாம், பாதிப் பாலில் பிள்ளை தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

சாப்பிட ஆரம்பிக்கும்போது கொடுப்பது நல்லது, வயிற்றுப் புரட்டலும் குறையும், கிளாவுலானிக் அமிலமும் நன்றாக உடம்பில் சேரும். 1-0-1 என்றால் காலை எட்டு, இரவு எட்டு மாதிரி ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர இடைவெளி. காலை பதினொன்றுக்கும் மாலை ஆறுக்கும் கொடுத்துவிட்டு இரண்டு வேளை ஆயிற்று என்று கணக்குக் காட்டாதீர்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் மறந்ததை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால் திரும்பக் கொடுப்பதா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

"ஆன்டிபயாடிக் சூடு, இளநீர் குடு, தயிர்சாதம் குடு" என்பார்கள் வீட்டில். தாராளமாகக் கொடுங்கள், இந்த மருந்துக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரி மருந்துகளைப் பாலோடும் தயிரோடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது, ஆகவே இங்கே படித்ததை எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் பொருத்திவிடாதீர்கள்.

எதைக் கண்டால் பயப்பட வேண்டும்

இரண்டு மூன்று முறை இளகலாகப் போவது சகஜம், முக்கியமாகக் கிளாவுலானிக் அமிலத்தின் வேலை அது. ஓஆர்எஸ் கரைசல் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரிப்பு, உதடோ முகமோ வீங்குவது, மூச்சு இழுப்பது, இவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். போன தடவை இதே மருந்து ஒத்துக்கொண்டதே என்பது சமாதானம் ஆகாது, அலர்ஜி பிறகும் வரலாம். இந்தப் பயத்தால்தான் முதல் வேளையைப் பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது கொடுக்கச் சொல்வேன், முடிந்தால். சில நாள் கழித்துச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் மட்டும் வந்தால் அலற வேண்டாம், ஆனால் அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் குறையவே இல்லையென்றால் அளவை நீங்களாகக் கூட்டாமல் டாக்டரிடம் திரும்பப் போங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், அல்லது அது பாக்டீரியாவே இல்லாமல் இருக்கலாம். பிள்ளை துள்ளிக் குதித்தாலும் டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள், குறைப்பதென்றால் அவரே குறைக்கட்டும்.

மிச்சம்

ஐந்து நாள் முடிந்ததும் இரண்டாவது பாட்டிலின் அடியில் 10 மில்லி போல நிற்கும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று ஃபிரிட்ஜிலேயே மாதக்கணக்கில் கிடக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஜுரம் என்றால் கைமாறவும் செய்யும். அதைத் தொட்டியிலும் கழிப்பறையிலும் கொட்டாமல், பயன்படுத்திய டீத்தூளிலோ காபிச் சக்கையிலோ ஊற்றிக் கலந்து ஒரு கவரில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அளவு மூடியை மட்டும் கழுவி எடுத்து வைத்துக்கொள்ளலாம், அடுத்த முறை கடையில் மூடி இல்லாத பாட்டில் வந்தால் உதவும்.