ஓமோன் விட்ட நாற்றும் 3 மணி மாதிரியும்

கொழும்பில் எங்கள் தாவர ஓமோன் ஆய்வுகூடத்துக்கு வரும் புது மாணவர்கள், ஒரு காலத்தில் நான் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். லேபல் ஒட்ட மறப்பது, கையுறை போடாமல் ஆர்என்ஏ எடுப்பது எல்லாம் ஒருதரம் பட்டால் தெளிந்துவிடும். அவற்றை விடுவோம்.

பூச்சிய மணி மாதிரியோடு மட்டும் ஒப்பிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். 12 மணி நேர வெளிச்சத்தில் வளர்த்த பயற்றம் நாற்றுகளில் காலை 9 மணிக்கு முதல் மாதிரி (அதுதான் பூச்சிய மணி) எடுத்துத் திரவ நைதரசனில் போட்டேன். மீதிக்கு ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனை விட்டு, பிற்பகல் 3 மணிக்கு அடுத்த மாதிரி. ஏராளமான பரம்பரையலகுகளின் வெளிப்பாடு மாறியிருந்தது. எல்லாம் ஒட்சின் செய்த வேலை என்று எழுதிக் கொண்டுபோனேன்.

"ஒட்சின் விடாத நாற்று 3 மணிக்கு எப்படி இருந்தது, தம்பி?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். அப்படி ஒன்றை நான் எடுக்கவேயில்லை. மூன்று மாத வேலை போச்சு, காசு கொடுத்து வாங்கிய இரசாயனமும் போச்சு.

தாவரத்துக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அராபிடொப்சிஸ் என்ற, ஆய்வுகூடங்களில் வழக்கமாக வளர்க்கும் சிறு செடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரம்பரையலகுகள் அதன்படி ஏறி இறங்குவதாக மதிப்பீடு. ஒட்சினுக்கு நாற்று எவ்வளவு துலங்கும் என்பதும் அதே கடிகாரத்தின் கையில்தான். ஆகவே ஒவ்வொரு நேரத்துக்கும் ஓமோன் படாத ஒரு தொகுதி வேண்டும். அதற்கும் வெறும் தண்ணீர் போதாது. ஒட்சினைக் கரைத்த எதனோலை அதே அளவு விட வேண்டும்.

அப்புறம், அந்த 6 மணி நேரமே பிழை. ஒட்சினை உணரும் டிஐஆர்1 என்ற வாங்கிப் புரதத்தில் ஒட்சின் ஒட்டியதும் ஆக்ஸ்/ஐஏஏ என்ற தடைப் புரதங்கள் சிதைகின்றன. அவை அடக்கி வைத்திருந்த ஏஆர்எஃப் புரதங்கள் விடுபட்டுப் பரம்பரையலகுகளை இயக்குகின்றன. முதல் துலங்கல்கள் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். 6 மணி நேரம் கழித்துப் போய்ப் பார்ப்பது, பந்தி முடிந்தபின் போய் முதலில் உட்கார்ந்தது யார் என்று விசாரிக்கிற மாதிரி.

இருட்டு நாற்றை வெளிச்சத்தில் அறுப்பது

நீங்கள் அளப்பது ஓமோனை அல்ல, வெளிச்சத்தை. சிவப்பு ஒளி பட்ட சில நிமிடங்களிலேயே, இருட்டில் நாற்றை நீட்டி வளர்க்கும் பிஐஎஃப் புரதங்கள் சிதையத் தொடங்கும். மங்கிய பச்சை விளக்கில் அறுங்கள்.

சூடான ஏகாரில் கிபரெலின்

நாற்று வளர்க்கும் ஏகார்க் கூழ் முதலில் ஆறட்டும்; சூட்டில் கிபரெலின் ஓமோன் கெட்டுவிடும்.

வாழைப்பழம்

வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய கதலிச் சீப்பை ஒரு பிள்ளை இருட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை திறந்தால் நாற்றுகள் குட்டையாய், தடித்து, தலையை இறுக்கி வளைத்துக்கொண்டு நிற்கின்றன. பழம் விட்ட எதிலீன் வாயுவின் வேலை; அதுவும் ஒரு தாவர ஓமோன்தான். நாற்றைக் கொட்டினோம்; பழத்தை வெளியே கொண்டுபோய்ச் சாப்பிட்டோம்.