பழைய கேபிளில் புது ஹார்ட் டிரைவைச் செருகாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அண்ணன் மகன் தானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தான். புது பவர் சப்ளையோடு வந்த, டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா கேபிள் எட்டவில்லை என்று பழைய பவர் சப்ளையின் கேபிளை எடுத்துச் செருகினான். கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டதும் கருகல் வாடை. புது டிரைவோடு, பத்து வருஷக் காவடிப் படங்கள் இருந்த பழைய டிரைவும் போயிற்று.

கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவில் செருகும் 15 பின் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பவர் சப்ளையில் செருகும் மறுமுனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. ஒருவர் 5 வோல்ட் கொடுக்கும் பின்னில் இன்னொருவர் 12 வோல்ட் கொடுத்திருப்பார். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறும். 5 வோல்ட்டுக்கான சர்க்யூட்டில் 12 வோல்ட் பாய்ந்தால் கண்மூடித் திறப்பதற்குள் கதை முடிந்துவிடும். கேபிள் எட்டாவிட்டால் டிரைவை வேறு தட்டுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த மாடலுக்கென்றே விற்கும் கேபிளை வாங்குங்கள். மிச்சக் கேபிள்களை அந்தந்தப் பவர் சப்ளையின் பெட்டியிலேயே பெயர் எழுதிப் போட்டு வையுங்கள். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு அடாப்டரும் வேண்டாம். கம்பிகளைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு.

டேட்டா கேபிளைச் சரியாகத்தான் செருகியிருப்பீர்கள், ஆனாலும் பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பு வரும் மதர்போர்டின் செட்டிங் திரையில், டிரைவ் தெரியாது. உடனே கடைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 என்ற சிறிய ஸ்லாட்டில் எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தாமாக அணைந்துவிடும். எவை என்று மதர்போர்டின் மேனுவலில் இருக்கும். வேறு போர்ட்டில் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

புது டிரைவ் பயாஸில் தெரிந்தும் விண்டோஸில் காணோம் என்றால் பெரும்பாலும் டிரைவில் குற்றமில்லை. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் போய் இனிஷியலைஸ் செய்ய வேண்டும், அதாவது டிரைவைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்ய வேண்டும். அங்கே டிரைவைப் பிரிக்கும் முறை எது என்று கேட்கும், ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையான எம்பிஆர் கொடுத்தால் 4 டிபி (டெராபைட்) டிரைவில் 2 டிபி வரைதான் பயன்படும். ஜிபிடியிலும் 4 டிபி என்பது 3.63 என்று காட்டும். அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம், யாரும் ஏமாற்றவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு தவறு உண்டு: லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) இருக்கும் நாட்களில் அதன் நேரத்தைப் பார்க்காமல் பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யத் தொடங்குவது. 2023இல் அது கடுமையான ஸ்டேஜ் 6 வரை போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் சட்டென்று நின்றாலும் இப்போதைய ஹார்ட் டிரைவ்கள் ஹெட்டை (தட்டில் எழுதிப் படிக்கும் முனையை) பத்திரமாக ஒதுக்கிவிடும். ஆனால் எழுதி முடியாத ஃபைல் கெடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறும்.

விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிரைவ் உள்ளே இருக்கவே கூடாது. இன்ஸ்டால் திரையில் டிரைவின் எண்ணும் அளவும்தான் வரும்: டிஸ்க் 0, டிஸ்க் 1. அசதியில் ஒன்றை மாற்றி அழுத்தினால் போதும். சில நேரம் விண்டோஸ் தான் கிளம்பத் தேவையான பூட் பார்ட்டிஷனைப் பழைய டிரைவிலேயே எழுதியும் வைத்துவிடும், பிறகு அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் கிளம்பாது. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே குடும்பப் படங்களை ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் காப்பி எடுத்து, கம்ப்யூட்டர் இருக்கும் அறையிலேயே இல்லாமல் அலமாரியில் வையுங்கள்.