முட்டைக்கு மேல் சாஸ்: எங்கே சொதப்புகிறோம்?

முட்டைக்குக் கெட்சப் சரியா, மிளகுத்தூள் சரியா என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. அது அவரவர் நாக்கு. ஆனால் தினமும் பிடித்ததைத்தான் போட்டுக்கொள்கிறோம், இருந்தும் ஏதோ இடிக்கிறது என்றால், போட்ட பொருளைவிட போட்ட நேரத்தையும் இடத்தையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதிகம் கெட்டுப்போவது ஆஃப் பாயில்தான். உடையாத மஞ்சள் கருவே ஒரு சாஸ். அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. வெள்ளைக் கருவிலோ கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையக்கூடியது. அதனால் சில்லி சாஸை மஞ்சள் கருவின் மேல் விட்டால் காரம் மட்டுப்பட்டுத் தெரியும். உறைக்கவில்லையே என்று இன்னும் ஊற்றுவோம். கடைசியில் மஞ்சளும் சிவப்பும் குழம்பி, மிஞ்சுவது சாஸின் புளிப்பு மட்டும்தான். அதே சாஸை வெள்ளைக் கருவின் மொறுமொறு ஓரத்தில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கே சுருக்கென்று உறைக்கும், மஞ்சள் கருவின் ருசியும் தனியாக நிற்கும்.

மயோனைஸ் பிரியர்களுக்கும் இதே கதைதான். மயோனைஸ் என்பதே மஞ்சள் கருவும் எண்ணெயும் சேர்ந்ததுதானே! ஒழுகும் மஞ்சள் கருவுக்கு மேல் அதையும் வைத்தால் திகட்டும். முழுதாக வெந்து மாவாக உதிரும் மஞ்சள் கருவுக்கோ அது அருமையான ஜோடி. கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது உப்புக் கணக்கு. சோயா சாஸில் சுமார் 16 சதவீதம் உப்பு. அடித்த முட்டையில் வழக்கம்போல் உப்பைப் போட்டுவிட்டு மேலே அதையும் ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. சாஸ் வரப்போகிறது என்று தெரிந்தால் முட்டையில் உப்பைக் குறையுங்கள். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்காமல் பாட்டிலைக் கவிழ்ப்பதும் வேண்டாம். கிளறிய முட்டைக்கு உப்பை முன்கூட்டியே போட்டால் இறுகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில், அடித்த முட்டையில் உப்பைக் கலந்து கால் மணி நேரம் வைத்தால் மிருதுவாகத்தான் வரும்.

கெட்சப்பை வாணலியிலேயே ஊற்றாதீர்கள். அதிலுள்ள சர்க்கரை தீய்ந்துவிடும். கடுகு சாஸும் சூட்டில் காரம் போய்ச் சப்பென்றாகும். முட்டையை இறக்கிய பிறகு மிளகை அரைத்துத் தூவினால்தான் வாசனை நிற்கும்.

அப்புறம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கெட்சப்பை அப்படியே மெல்லிய ஆம்லெட்டின் மேல் பிழிந்தால் ஆம்லெட் ஆறிப்போகும். அடுப்பைப் பற்றவைக்கும்போதே தேவையானதை ஒரு கிண்ணத்தில் எடுத்து வெளியே வைத்தால் போதும். அந்தக் கிண்ணத்தை அப்படியே மேசைக்கும் கொண்டுபோகலாம். மற்றவர் தட்டில் கேட்காமல் சாஸ் ஊற்றுவதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியாது.