எழுத்தாளரின் படைப்பில் நண்பர்களின் பங்கைக் கண்டறிவது எப்படி?

ஓர் எழுத்தாளரை ஆராய்ந்து கட்டுரை எழுத முனைபவர்கள், அவருடைய நண்பர்களைக் குறித்துப் பேச வரும்போது, "இவருடைய தாக்கம் அவரிடம் தெரிகிறது" என்ற வரியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அந்த வரியால் வாசகருக்கு எந்தப் பயனும் இல்லை. நண்பர் எந்தப் பக்கத்தில் எதை மாற்றினார், எதை மாற்றவிடாமல் தடுத்தார், எப்போது எழுத வைத்தார் என்று காட்டினால்தான் அது ஆய்வாகும்.

முதலில், ஒற்றுமையைச் சான்றாகக் கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இடைசெவல் என்ற ஒரே ஊரில் வளர்ந்த நண்பர்கள். இருவருடைய கதைகளிலும் கரிசல் மண்ணின் மனிதர்கள் வருகிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றார் என்று முடிவுகட்ட இயலாது. இருவருக்கும் ஊற்று ஒன்றாகவே இருந்திருக்கலாம். அந்த நட்பை அறிய விரும்புபவர், அழகிரிசாமி தம் நண்பருக்கு எழுதி, பின்னர் நூலாகவும் வெளிவந்த கடிதங்களிலிருந்து தொடங்குவதே முறை.

அடுத்து, ஒரு காலவரிசையைத் தயாரியுங்கள். எழுதத் தொடங்கிய நாள், நண்பரைச் சந்தித்த நாள், கையெழுத்துப்படி கைமாறிய நாள், அச்சேறிய நாள் ஆகியவற்றை ஒரே தாளில் வரிசைப்படுத்தினால், சந்திப்புக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்ட பகுதிகள் எவை என்பது தெரிந்துவிடும்; பல ஊகங்கள் இங்கேயே உதிர்ந்துபோகும்.

இதற்குப் பிறகுதான் கையெழுத்துப்படிக்குள் இறங்க வேண்டும். என் அனுபவத்தில் இதைவிட வளமான இடம் வேறில்லை. டி. எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' என்ற நெடுங்கவிதை 1922-ல் வெளிவருவதற்கு முன் அதன் வரைவுகளை அவருடைய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் படித்து, பெரும்பகுதிகளை வெட்டினார். அவ்வரைவுகள் 1971-ல் நூலாக வெளியானபோது, பவுண்டின் குறிப்புகளோடு எலியட்டின் மனைவி விவியன் எழுதிய குறிப்புகளும் ஓரங்களில் இருப்பதை எல்லோரும் காண முடிந்தது. நான்காம் பகுதியில் இருந்த நீண்ட கடற்பயணம் நீக்கப்பட்டு, பத்து வரிகள் மட்டுமே எஞ்சின. ஆனால் அந்தப் பத்து வரிகளையும் எடுத்துவிடலாமா என்று எலியட் கேட்டதும், கூடாது என்று பவுண்ட் அறிவுறுத்தியதும் கடிதங்களில்தான் இருக்கின்றன. வெட்டியதை வரைவு காட்டும். வெட்டாமல் காத்ததை அது காட்டாது. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்தே படியுங்கள்.

எழுத்தாளரே பிற்காலத்தில் சொல்வதையும் இதே கவனத்தோடு அணுக வேண்டும். மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் 1831-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், கதையின் ஒரு நிகழ்ச்சியைக்கூடத் தம் கணவர் தரவில்லை என்கிறார். ஆயினும் அவர் தூண்டியிராவிட்டால் அது இந்த வடிவத்தை அடைந்திராது என்றும் ஒப்புக்கொள்கிறார். எஞ்சியிருக்கும் கையெழுத்துப்படியிலோ அந்தக் கணவர், கவிஞர் பெர்சி ஷெல்லியின் கையால் எழுதப்பட்ட திருத்தங்கள் ஏராளம். இவற்றில் ஒன்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. சொல்லைத் திருத்துவது வேறு, கதையைத் தருவது வேறு. உங்கள் குறிப்பேட்டில் இவ்விரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குங்கள். இந்த வேறுபாட்டைக் கவனியாமல், அந்த நாவலைக் கணவருக்கே உரியதாக்க முயன்றவர்களும் உண்டு. ஒரு பெண்ணின் உழைப்புக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே அதை நான் கருதுகிறேன்.

கையெழுத்துப்படியில் தடயமே விட்டுவைக்காத உதவியும் உண்டு. தம் நண்பரும் எழுத்தாளருமான சி. எஸ். லூயிஸுக்குத் தாம் பட்ட கடன் வழக்கமான பொருளில் 'தாக்கம்' அன்று, ஊக்கமே என்று ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1965-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். இத்தகைய பங்கைத் தேடுபவர்கள் தேதிகளைத்தான் பின்தொடர வேண்டும்: 1944-ல் மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதங்களில், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலுக்காகப் புதிதாக எழுதிய அத்தியாயங்களை லூயிஸிடம் படித்துக்காட்டியதை டோல்கீன் குறிப்பிடுகிறார். தேங்கிக் கிடந்த வேலை எப்போது நகர்ந்தது, அப்போது கேட்பதற்கு யார் இருந்தார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள்.

எழுத்தாளர் மறைந்த பின்னரும் நண்பரின் கை நின்றுவிடுவதில்லை. தம் கையெழுத்துப்படிகளை எரித்துவிடச் சொன்ன எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1924-ல் இறந்தார். அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் அவற்றை எரிக்காமல், அடுத்த ஆண்டே 'விசாரணை' நாவலை வெளியிட்டார். முற்றுப்பெறாத அந்த நாவலின் அத்தியாய வரிசையை முடிவுசெய்தவரும் அவரே. எனவே மறைவுக்குப் பின் வந்த நூல் எதுவாயினும், அதன் அமைப்பைப் பற்றி எழுதுமுன் பதிப்பித்தவர் யார் என்று பாருங்கள்.

காணிக்கைப் பக்கத்தில் நன்றி தெரியும், அவ்வளவுதான். அதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். மாறாக, இருவருக்கிடையே கடிதங்கள் திடீரென நின்றுபோன மாதங்களை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் எழுதப்பட்ட பக்கங்களை முந்தைய பக்கங்களோடு ஒப்பிட்டால், நண்பர் இல்லாதபோது அந்த எழுத்து எப்படி நடந்தது என்பது தெரியும்.

கட்டுரையை எழுதும்போது, நண்பரைப் பற்றிய ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் சான்றையும் அதன் தேதியையும் குறியுங்கள். சான்று கிடைக்காத கூற்றை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நீக்கிவிடுங்கள்.