கனடாவில் வாசல் தளம் போடும் முன்: டெல்டாக்காரர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் போகிறவர்கள் வீடு வாங்கியதும் கைவைக்கும் முதல் வேலை, பெரும்பாலும் கார் நிறுத்தும் வாசல் தளம்தான். காண்ட்ராக்டர் "இதில் ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) இருக்கும்" என்பார். உடனே மன்னார்குடிக்குப் போன் வரும்: "சித்தப்பா, சாம்பல் கலந்தது பனிக்குத் தாங்குமா?" கனடாவில் காங்கிரீட் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள்.

தாங்கும். சாம்பலைக் கண்டு பயப்பட வேண்டாம். ஊரில் நாம் வாங்கும் பி.பி.சி. சிமென்ட் மூட்டையிலேயே 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்காமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் கனடாவில் எதிரி வேறு.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். காங்கிரீட்டின் நுண்துளைகளில் நிற்கும் நீர் பருத்தால் உள்ளிருந்தே வெடிப்பு விடும். கடுங்குளிரைவிட, பகலில் உருகி ராத்திரி உறைவது திரும்பத் திரும்ப நடப்பதுதான் கேடு. இதற்கு மருந்து காற்று. கலவையில் ஒரு ரசாயனம் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறைத்துவிட்டால், உறையும் நீருக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். பனியை உருக்கத் தூவும் உப்புப் படும் வாசல் தளத்துக்கு கனடாவில் கேட்பது சி-2 வகைக் காங்கிரீட்: 32 மெகாபாஸ்கல் வலிமை, நீர்-சிமென்ட் விகிதம் 0.45க்குள், காற்று 5 முதல் 8 சதவீதம்.

சாம்பல் தொல்லை கொடுப்பது இந்த இடத்தில்தான். அதில் மிச்சமிருக்கும் எரியாத கரி, குமிழி ரசாயனத்தை உறிஞ்சிக்கொள்ளும். கரி கூடினால் காற்று குறையும். அதனால் பில்லில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், கலவை லாரி வந்து நின்றதும் காற்றை அளந்து காட்டச் சொல்லுங்கள். சின்ன இரும்புப் பானையில் கலவையை நிரப்பி, மூடி, பம்பு அடித்தால் முள் சொல்லிவிடும். "கொஞ்சம் தண்ணி ஊத்தி இளக்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஊர்ப் பழக்கம் அங்கே தளத்தைக் கெடுக்கும்.

அடுத்தது நேரம். சாம்பல் கலந்த காங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், குளிரில் இன்னும் மெதுவாக. மேலே கசிந்த நீர் பளபளவென்று நிற்கும்போதே கரணை போட்டுத் தேய்த்தால் அந்த நீர் மேல்தோலுக்குள் மாட்டிக்கொள்ளும்; முதல் குளிர்காலத்திலேயே செதில் செதிலாகப் பெயரும். பழியைச் சாம்பல் மேல் போடுவார்கள், பாதி நேரம் குற்றம் கரணையுடையது. சாம்பல் அளவுக்கும் எல்லை உண்டு. பனி உருக்கும் உப்புப் படும் இடத்தில் சிமென்டும் சாம்பலும் சேர்ந்த மொத்த சிமென்ட் பொருளில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க விதி.

நம் ஊரில் மாடித் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோமே, அதே அக்கறை அங்கேயும் வேண்டும். குறைந்தது 7 நாள், 10 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில், ஈரம் காயாமல் மூடி வையுங்கள். அப்புறம் உறைபனிக்கு முன் ஒரு மாதமாவது உலர விட வேண்டும். ஆகஸ்ட் மாதம் நல்லது. அக்டோபர் கடைசியில் மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்று யார் வந்தாலும் வேண்டாம், வசந்தம் வரை பொறுங்கள்.

முதல் குளிர்காலத்தில் உப்பே தூவாதீர்கள், வழுக்கலுக்கு மணல் போதும். வயலுக்குப் போடும் அமோனியம் சல்பேட், அமோனியம் நைட்ரேட் உரங்கள் பனியை உருக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவை காங்கிரீட்டையே அரித்துவிடும், எந்த வருஷமும் அந்தத் தளத்தில் படவே கூடாது.